தூண் பக்கத்து நாற்காலி

என் அக்காவுக்கு வேலை, கதவருகே நிற்பது. இதைக் கேட்டதும் "அவ்வளவுதானா?" என்பார்கள். அவ்வளவுதான். எங்கள் பகுதியிலேயே பெரிய ஓட்டல் அது ஒன்றுதான். அங்கே வருகிறவர்களை "வாங்க" என்று வரவேற்று, எந்த மேஜையில் உட்கார வேண்டுமோ அங்கே கொண்டுபோய் விடுவாள். சமைப்பது அவள் இல்லை, பரிமாறுவதும் அவள் இல்லை. ஆனால் இந்தப் பகுதியில் யாருக்கு யாரோடு ஆகாது என்று தெரிந்து வைத்திருப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

ஓட்டல் என்று நான் சொல்வது அதன் முதலாளியம்மாவுக்குப் பிடிக்காது. ரெஸ்டாரண்ட் என்று சொல்ல வேண்டுமாம். வெள்ளைத் துணி விரித்த மேஜைகள், கூம்பு மாதிரி மடித்து நிறுத்திய கைத்துணிகள், எதை எதற்கு எடுப்பது என்று தெரியாத அளவுக்கு ஸ்பூன்கள். தட்டு மட்டும் பெரிதாக இருக்கும், நடுவில் ஒரு துண்டு மீன் தனியாகப் படுத்திருக்கும். அதைச் சுற்றிப் பச்சையாக ஏதோ கோலம் இழுத்திருப்பார்கள். ருசி நன்றாகத்தான் இருக்கும், பொய் சொல்லக் கூடாது. நான் அதைச் சாப்பிட்டுப் பார்க்க எவ்வளவு காலம் ஆயிற்று, ஏன் ஆயிற்று என்பதுதான் இந்தக் கதையே.

அங்கே வருகிறவர்கள் எல்லோரும் சுற்றுவட்டாரத்து ஆட்கள். பல் டாக்டர், வக்கீல், மருந்துக்கடைக்காரர், மாடி மாடியாக வீடு கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர்கள். காரை எடுக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தே வந்துவிடுவார்கள். ஒரே தெருவில் இருப்பவர்களுக்குள் சண்டை வராமல் இருக்குமா? வந்தாலும், நாலு பேர் பார்க்க உட்கார்ந்து சாப்பிட வேறு இடம் இல்லை. ஆக, பேசாதவர்களும் பேச முடியாதவர்களும் ஒரே கூடத்துக்குத்தான் வந்து சேர வேண்டும். அக்காவின் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கூடத்துக்கு நட்டநடுவே ஒரு தூண். இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கை எட்டாது. அந்தக் கட்டடம் முன்பு ஏதோ கிடங்காக இருந்ததாம். ஓட்டல் ஆரம்பித்தபோது முதலாளியம்மா தூணை எடுத்துவிடச் சொன்னார். கட்டட இன்ஜினியர் மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டு, "எடுக்கலாம்மா, மாடி வந்து உங்க சூப்புல விழும், பரவாயில்லையா?" என்று கேட்டிருக்கிறார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. எல்லோருக்கும் தொல்லையாக நின்றுகொண்டிருந்த தூணை அக்கா மட்டும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். தூணுக்கு இந்தப் பக்கம் ஒருவரையும் அந்தப் பக்கம் இன்னொருவரையும் உட்கார வைத்துவிட்டால், சாப்பிட்டு முடித்துப் போகிற வரைக்கும் ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள். பங்கு பிரிந்துபோன இரண்டு பல் டாக்டர்கள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரே நேரத்தில் அங்கே சாப்பிட்டிருக்கிறார்கள். மற்றவர் அந்தப் பக்கமே வருவதில்லை என்று இருவருமே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

வெறுமனே பிரித்து வைப்பதோடு அக்கா நிறுத்துவாளா? அதில் ஒரு நியாயமும் வைத்திருந்தாள். தூணுக்கு ஒரு பக்கம் ஜன்னல் மேஜை. வெளியே மரம், தெரு, காற்று எல்லாம் உண்டு. எல்லோரும் கேட்டு வாங்குகிற இடம் அது. இன்னொரு பக்கம், தூணோடு ஒட்டிப் போட்ட ஒரு மேஜை. அதன் நாற்காலியில் உட்கார்ந்தால் மூக்குக்கு நேரே தூண்தான். பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டும் என்றால் கழுத்தைத் திருப்ப வேண்டும். இரண்டு பேருக்குள் சண்டை என்றால், யாருக்கு அநியாயம் நடந்ததோ அவர்களுக்கு ஜன்னல். யார் மேல் தப்போ அவர்களுக்குத் தூண். சாப்பிட வருகிறவர்களுக்கு இது தெரியாது. பரிமாறுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களில் மூத்தவர், எல்லோரும் மீசைக்காரர் என்று கூப்பிடுகிறவர், ஜன்னல் மேஜைக்குக் கேட்காமலேயே இன்னொரு கூடை ரொட்டி கொண்டுபோய் வைப்பார். தூண் மேஜைக்குக் கேட்டாலும் "தீர்ந்துபோச்சு சார்" என்பார்.

இந்தச் சட்டம் எப்படி வந்தது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அக்காவின் வீட்டுக்காரர் அவரோடு வேலை பார்த்த ஒருத்தியோடு போய்விட்டார். மாமா என்று கூப்பிட எனக்கு இப்போதும் வாய் வரவில்லை, அதனால் 'அந்த மனுஷன்' என்றே சொல்கிறேன். போன கொஞ்ச நாளிலேயே, ஒரு மதியம் அந்த மனுஷனும் அவளும் ஓட்டல் வாசலில் வந்து நின்றார்கள். அவளுக்கு அக்கா அங்கே வேலை பார்ப்பது தெரியாது. அது தெரிந்த அந்த மனுஷனுக்கோ, வேறு இடம் போகலாம் என்று சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்குமே என்ற பயம். முகத்தில் ஈயாடவில்லையாம். அக்கா எல்லோரையும் கேட்கிற மாதிரியே "வாங்க, ரெண்டு பேருக்கா?" என்று கேட்டாள். தூண் மேஜைக்குக் கூட்டிப்போய், நாற்காலியைத் தானே இழுத்துப்போட்டு, அவரைத் தூணைப் பார்த்து உட்கார வைத்தாள். சாப்பாடு முடிகிற வரைக்கும் அந்த மனுஷன் சுண்ணாம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அக்கா அழவில்லை. "தூணு நல்ல தூணு" என்று மட்டும் சொன்னாள்.

"யார் மேல தப்புன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"உட்கார்ந்ததும் தெரிஞ்சிடும். தப்பு பண்ணவங்க மெனுவைத் திரும்பத் திரும்பப் படிப்பாங்க. பசிச்சு வந்தவங்க ஒரு தடவைதான் பார்ப்பாங்க."

நீதிபதிகூட சாட்சி விசாரிப்பார். அக்காவுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. அவள் தீர்ப்பு தப்பாகப் போகும் என்று அவளும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. என் கல்யாணம் வரைக்கும்.

கல்யாண விருந்தில் யாரை எங்கே உட்கார வைப்பது என்ற பொறுப்பை அக்காதான் கேட்டு வாங்கிக்கொண்டாள். கேட்கவா வேண்டும்? அவளைவிட்டால் ஆளேது. என் மாமனாருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்று என் வீட்டுக்காரர் அவளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அக்கா காலையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்தைவிட்டு வெளியே வரவில்லை. அங்கே தூண் இல்லை. அதனால் எங்கிருந்தோ ஒரு மடக்குத் தட்டியைக் கொண்டுவந்து, அண்ணனை ஒரு கோடியிலும் தம்பியை இன்னொரு கோடியிலும் உட்கார வைக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள்.

அவள் அங்கே தட்டியை நிறுத்திக்கொண்டிருந்த அதே நேரத்தில், மேலே கல்யாணக் கூடத்தில் அண்ணனும் தம்பியும் எல்லோர் முன்னாலும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானே பார்த்தேன். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தோளில் கை போட்டபடி இருவரும் சாப்பிட இறங்கி வந்தால், வாசலில் என் அக்கா. "வாங்க" என்று சிரித்துப் பெரியவரை ஒரு பக்கம் கூட்டிப்போனாள். சின்னவரை இன்னொரு பக்கம் அனுப்பினாள். நடுவில் தட்டி. அதைவிட மோசம், சம்பந்தி வீட்டு ஆட்கள் சொன்னதைக் கேட்டு, மூத்தவர் மேல்தான் தப்பு என்று முடிவுகட்டி, அவரைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்திருந்தாள்.

பெரியவர் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். பிறகு எழுந்தார். "தம்பி கட்டிப்புடிச்சு அழுதது நாலு பேருக்காகன்னு இப்பத்தான் தெரியுது. உள்ள வேற மாதிரி ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு, தன் பக்கத்து ஆட்களைக் கிளப்பிக்கொண்டு சாப்பிடாமலே போய்விட்டார். மாமனாருக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புதுப்பெண்ணாகப் போன வீட்டில் நான் முதலில் கேட்ட பேச்சே, "உங்க அக்காதான் எங்க குடும்பத்தைப் பிரிச்சுது" என்பதுதான்.

நான் கோபத்தோடு அக்காவிடம் போனேன். ஒரு வார்த்தை, "தப்பு என்னோடதுதான்" என்று சொல்வாள் என்று நினைத்தேன். அவள் சொன்னாளா? "யாராவது ஓடி வந்து எங்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றாள். எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

"பிரிச்சு வெக்கத்தான் உனக்குத் தெரியும். சேர்ந்து இருக்க எங்க தெரியும்?" என்றேன்.

அந்த மனுஷன் விட்டுப்போனவளிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து இரண்டு பேரும் பேசவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அண்ணனும் தம்பியும் பிறகு சேர்ந்துவிட்டார்கள். ஒருவருக்கு இடுப்பு வலி, இன்னொருவருக்கு முழங்கால் வலி. ஒரே வைத்தியரின் வாசலில் காத்திருந்தபோது அவரைத் திட்டுவதில் ஒன்றாகிவிட்டார்கள். இப்போது தினமும் போனில் பேசிக்கொள்கிறார்கள். அவர்களுக்காகச் சண்டை போட்ட நாங்கள்தான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றோம்.

அப்பா அக்காவோடு இருக்கிறார். அவள் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் நான் அப்பாவைப் பார்க்கப் போவேன். அவள் வரும் நேரம் ஆனால் கிளம்பிவிடுவேன். அப்பா பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். "நான் எத்தனையோ பேரை ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன். யாரு பக்கத்துல யாரு உட்காருறான்னு திரும்பிக்கூடப் பார்த்ததில்ல. நான் பெத்தது ரெண்டும் இப்படி" என்பார். நான் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன்.

போன மாதம் அப்பாவுக்குப் புதுப் பல் கட்டினார்கள். அந்தப் பங்கு பிரிந்த டாக்டர்களில் ஒருவர்தான் கட்டினார். பல் வந்ததும் அப்பாவுக்கு ஆசையும் வந்துவிட்டது.

"உங்க அக்கா வேலை பார்க்கிற எடத்துல ஒரு வேளை சாப்பிடணும். நீயும் மாப்பிள்ளையும் கூட வரணும். இந்தப் பல்லு நல்லா இருக்கறப்பவே."

"நீங்களும் அவளும் போய்ட்டு வாங்கப்பா."

"அவ நின்னுக்கிட்டு இருப்பா. நான் தனியா உட்கார்ந்து தூணோடயா பேசுறது?"

மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஆனால் மனதுக்குள் ஒன்றை முடிவு செய்துகொண்டேன். அவள் எங்களைத் தூண் மேஜைக்குக் கூட்டிப்போனால் அப்படியே திரும்பி வந்துவிடுவேன். அதற்கப்புறம் அவள் யாரோ, நான் யாரோ. என் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். "சாப்பிட்டுட்டுத் திரும்பலாமே" என்றார். அவருக்கு அவர் கவலை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனோம். அப்பா சலவைச் சட்டை போட்டு, பல்லைத் தெரியக் காட்டிக்கொண்டே நடந்து வந்தார். கதவருகே அக்கா நின்றிருந்தாள். தலையில் நரை கூடியிருந்தது. கண்ணாடி போட்டிருந்தாள், அது எனக்குப் புதிது. என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தது என்று என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார்.

"வாங்கப்பா. வாங்க தம்பி" என்றாள். என்னைப் பார்த்து, யாரோ ஒருத்தியிடம் சொல்கிற மாதிரி, "வாங்க" என்றாள்.

அவள் முன்னால் நடந்தாள். நேரே தூணை நோக்கித்தான் போனாள். நான் கைப்பையை இறுக்கிப் பிடித்தேன். தூணைச் சுற்றினாள். நிற்காமல் அதைத் தாண்டிப்போய் ஜன்னல் மேஜையருகே நின்றாள். வெளியே மரத்தில் வெயில் ஆடிக்கொண்டிருந்தது. ஜன்னலைப் பார்த்த நாற்காலியை இழுத்துப் போட்டாள். தனக்குத்தான் என்று நினைத்து அப்பா அதில் உட்காரப் போனார்.

"அப்பா, நீங்க இங்க உட்காருங்க. அது அவளுக்கு" என்றாள்.

நான் உட்கார்ந்தேன். அவள் போய்விட்டாள். எனக்கு உடனே ஒன்றும் தோன்றவில்லை. மீசைக்காரர் வந்து சூப் வைத்தார். பிறகு, கேட்காமலேயே, இன்னொரு கூடை ரொட்டி வைத்தார். அந்தக் கூடையைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அநியாயம் நடந்தவர்களுக்கு ஜன்னல். தொண்டையில் ரொட்டி இறங்கவில்லை.

அப்பாவுக்கு நன்றாக இறங்கியது. "இவ்வளவு பெரிய தட்டுல இவ்வளவூண்டு வெச்சிருக்கான்" என்று குறை சொல்லிக்கொண்டே கோழி வறுவலைக் கடித்து, கடிபடுகிறது என்று சந்தோஷப்பட்டார். என் வீட்டுக்காரர் ஸ்பூன்களை வரிசையாக எடுத்துத் தீர்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலைப் பார்த்தபடி, ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இடம் கொடுத்தால் ஆயிற்றா? எல்லோருக்கும் கொடுக்கிற மாதிரி எனக்கும் ஒரு நாற்காலி, அவ்வளவுதானே?

கூட்டம் குறைந்ததும் மீசைக்காரர் தட்டுகளை எடுக்க வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"எப்பவும் உங்க அக்கா சமையல்கட்டுல நின்னுக்கிட்டேதாம்மா சாப்பிடுவாங்க. இன்னிக்கு என்னமோ, தூண் மேஜையில எடுத்து வைக்கச் சொல்லிட்டாங்க. உடம்பு சரியில்லையான்னு கேட்டா முறைக்கிறாங்க."

நான் எழுந்து தூணைச் சுற்றிப் போனேன்.

அக்கா உட்கார்ந்திருந்தாள், தூணைப் பார்த்த நாற்காலியில். அந்த மனுஷனை உட்கார வைத்த அதே நாற்காலி. சூப் ஆறிப்போயிருந்தது. கையில் மெனுவை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அதில் இருப்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். கடைசிப் பக்கம் வரைக்கும் போய், மறுபடி முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோபமும் வந்தது. இவ்வளவு தூரம் வந்து உட்காரத் தெரிகிறது, வாயைத் திறந்து சொல்ல மட்டும் வராதா?

"உனக்குத் தெரியாத மெனுவா?" என்றேன்.

அவள் திரும்பவில்லை. "புதுசா அச்சடிச்சு வந்துச்சு. சரியா இருக்கான்னு பார்க்கிறேன்."

"சரியா இருக்கா?"

"இருக்கு."

அடுத்த மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தேன். அந்தப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போட இடம் போதாது. இடித்துப் பிடித்துத்தான் போட்டேன். என் தோள் அவள் தோளில் இடித்தது.

"உனக்கு ஜன்னல் குடுத்திருக்கேன்ல. போய் அங்க உட்காரு" என்றாள்.

"அங்க வெயில் அடிக்குது."

அவளுக்குத் தெரியும், அந்த நேரத்தில் வெயில் மரத்தோடு நின்றுவிடும், மேஜைக்கு வராது. நான் அன்றைக்குச் சொன்ன வார்த்தைக்கு எனக்கும் தூண் பக்கம்தான் இடம் என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, அந்தச் சட்டத்தைப் போட்டவளே அவள்தான். இரண்டு பேரும் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்திலிருந்து பார்த்தால் தூணில் சுண்ணாம்பு பெயர்ந்து, நீளமாக ஒரு விரிசல் ஓடியிருந்தது.

"அன்னிக்கு யாராவது ஓடி வந்து எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்று அக்கா மறுபடி ஆரம்பித்தாள்.

"தெரியும். சூப்பைக் குடி."

"ஆறிப்போச்சு."

"ஆறினா என்ன, குடி."

அவள் ஸ்பூனை எடுத்தாள். தூணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்பாவின் குரல், "எங்க போச்சு ரெண்டும்?" என்று கேட்டது. என் வீட்டுக்காரர் "இங்கதான் மாமா, சாப்பிடுறாங்க" என்று பதில் சொல்வதும் கேட்டது.

மீசைக்காரர் வந்து எங்கள் பின்னால் நின்றார். இரண்டு முதுகுகளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார் போலிருக்கிறது. பிறகு ஒரு சுத்தமான ஸ்பூனை என் முன்னால் வைத்தார். உள்ளே போனார். திரும்பி வந்து, நாங்கள் கேட்காமலேயே, அந்த மேஜையின் நடுவே ஒரு கூடை ரொட்டி வைத்துவிட்டுப் போனார்.